பல்வலிக்குக் கடித்த வேர், சளிக்கு விற்ற மாத்திரை: எக்கினேசியாவின் கதை

தமிழ்நாட்டின் ஹோமியோபதி மருந்துக் கடைகளில் எக்கினேசியா என்று ஒரு மதர் டிங்சர், அதாவது நீர்க்காத மூலச் சாறு, கிடைக்கும். அடிக்கடி கட்டி, கொப்புளம் வருகிறவர்களுக்கு ‘ரத்தத்தைச் சுத்தம் பண்ணும்’ என்று சொல்லிக் கொடுப்பார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதே பெயர் வேறு வேலைக்கு விற்பனையாகிறது. அங்கே அது சளி மருந்து. மாத்திரையாக, டீத்தூளாக, சொட்டு மருந்தாக ஒவ்வொரு குளிர்காலத்திலும் அலமாரிகளை நிறைத்துவிடும்.

இந்த இரண்டு விற்பனைக்கும் மூலம், வட அமெரிக்காவின் நடுவே பரந்து கிடக்கும் பிரெய்ரி புல்வெளியில் தானாக முளைக்கும் ஊதாப் பூச்செடி. அந்தப் புல்வெளியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூர்வகுடி மக்களுக்கும் இது பெரிய மருந்துதான். ஆனால் அவர்கள் இதைத் தேடிப் போனது பெரும்பாலும் பல்வலிக்கும், தொண்டை வலிக்கும், தீக்காயத்துக்கும், விஷக்கடிக்கும், தாகத்துக்கும். வலியையும் சூட்டையும் மரத்துப்போக வைக்கும் வேர் என்பதே அவர்களுடைய பயன்பாடுகள் பலவற்றிலும் ஓடும் இழை. அது எப்படி ரத்த சுத்திகரிப்பானாகி, பிறகு சளி மாத்திரையானது என்பதில் ஒரு மருந்தின் கதையோடு ஒரு நிலத்தின் கதையும் கலந்திருக்கிறது.

முதலில் செடியைப் பார்த்துவிடுவோம். எக்கினேசியா சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதில் மொத்தம் ஒன்பது இனங்கள் என்று கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் மெக்ரெகர் 1968ல் வகைப்படுத்தினார். பின்னால் வந்தவர்கள் நான்காகவும் சுருக்கியிருக்கிறார்கள். நமக்கு இங்கே வேண்டியவை இரண்டு. ஒன்று எக்கினேசியா அங்குஸ்டிஃபோலியா. குறுகலான இலை, சொரசொரப்பான தண்டு, அதிகம் போனால் முழங்கால் உயரம். கனடாவின் சஸ்காட்செவனிலிருந்து டெக்சாஸ் வரை, மழை குறைந்த புல்வெளிகளில் வளர்வது. இன்னொன்று எக்கினேசியா பர்பூரியா. அகன்ற இலை, உயரமான செடி, இன்னும் கிழக்கே ஈரமான நிலங்களைச் சேர்ந்தது. உலகெங்கும் பூந்தோட்டங்களில் அழகுக்கு வளர்ப்பது இதைத்தான்.

அங்குஸ்டிஃபோலியாவின் பூவை அருகில் போய்ப் பார்த்தால்தான் அதன் நுட்பம் தெரியும். வெளிறிய ஊதா இதழ்கள் கீழ்நோக்கித் தொங்கும். நடுவில் முள்முள்ளாக, ஆரஞ்சு நுனியோடு ஒரு மேடு. ஒற்றைப் பூ போலத் தெரிந்தாலும் அந்த மேட்டில் ஒவ்வொரு முள்ளுக்குப் பக்கத்திலும் ஒரு சிறுபூ ஒளிந்திருக்கிறது. மேட்டின் அடியில் உள்ள வரிசை முதலில் மலரும். அடுத்த நாள் அதற்கு மேல் வரிசை. இப்படித் தினம் ஒரு வளையமாக மேலே ஏறிப் போகும். தேனீ வந்து, ஒத்துப்போகும் வேறொரு செடியின் மகரந்தத்தைச் சேர்த்துவிட்டால் அந்தச் சிறுபூவின் சூல்தண்டு ஒரே நாளில் சுருங்கிவிடும். சேர்க்கவில்லை என்றால் பல நாள் நீட்டிக்கொண்டு காத்திருக்கும். எந்தச் செடிக்கு மகரந்தம் கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்பதைப் பூவைப் பார்த்தே சொல்லிவிடலாம். இந்த விஷயம் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

மருந்து என்று பார்த்தால் முக்கியமானது வேர். அங்குஸ்டிஃபோலியாவுக்கு ஒரே ஆணிவேர், மண்ணுக்குள் பல அடி ஆழம் போகும். பர்பூரியாவுக்கு ஆணிவேர் கிடையாது, கொத்தாகச் சல்லிவேர்கள்தான். அங்குஸ்டிஃபோலியாவின் வேரில் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றால் முதலில் லேசான இனிப்பு. கொஞ்ச நேரத்தில் நாக்கு சுரசுரவென்று கூசும், எச்சில் ஊறும், அப்புறம் மென்ற இடம் மரத்துவிடும். சித்த மருத்துவத்தில் பல்வலிக்குப் பயன்படும் அக்கரகாரத்தை மென்றவர்களுக்கு இந்த உணர்வு நன்றாகவே தெரியும். இது தற்செயல் இல்லை. அக்கரகாரமும் இதே சூரியகாந்திக் குடும்பம். இரண்டின் வேரிலும் நாக்கைக் கூசவைப்பது அல்கைலமைடு என்ற ஒரே வகை வேதிப்பொருள்தான். ஒருவரையொருவர் அறியாமல், இரண்டு கண்டங்களில் இருந்த மக்கள் ஒரே குடும்பத்து வேர்களைப் பல்லுக்கு இடையில் அடக்கிக்கொண்டார்கள். பூர்வகுடிகளின் பயன்பாட்டை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு இதைவிட எளிய ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பயன்பாடுகளை விரிவாக எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் நெப்ராஸ்காவைச் சேர்ந்த மெல்வின் கில்மோர். மிசூரி ஆற்றுப் பகுதியின் பூர்வகுடிகள் எந்தச் செடியை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று அவர் தொகுத்தது 1919ல் அச்சானது. வேறெந்தச் செடியையும்விட அதிக நோய்களுக்கு மருந்தானது எக்கினேசியாதான் போலிருக்கிறது என்று அதில் எழுதுகிறார். பாம்புக்கடி, பூச்சிக்கடி, விஷம் எதுவானாலும் இந்தச் செடி. பல்வலி என்றால் வேர்த்துண்டை வலிக்கும் பல்மேல் வைத்து, வலி குறையும்வரை எடுப்பதில்லை. பொன்னுக்கு வீங்கியில் வருவது போன்ற கழுத்து வீக்கத்துக்கும் இதுதான். தலைவலிக்கு இதைப் புகையாகப் போட்டார்கள், நோயுற்ற குதிரைகளுக்கும் அதே புகை. சுட்டுக்கொண்ட இடத்தைச் சாறு விட்டுக் கழுவினால் எரிச்சல் அடங்கும். சூடாக்கிய கற்களின் ஆவியில் உட்கார்ந்து வியர்க்கும் சடங்குக் குடிலில், அந்த வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளவும் இதே சாறு உதவியது.

இன்னும் ஒன்று சொல்கிறார். வித்தை காட்டுபவர்கள் கைகளை இந்தச் சாற்றில் நனைத்துக்கொண்டு, கொதிக்கும் பாத்திரத்துக்குள் வெறுங்கையை விட்டு இறைச்சித் துண்டை எடுப்பார்களாம். வின்னபேகோ இனத்தைச் சேர்ந்த ஒருவர், இந்தச் செடியால் வாயை மரத்துப்போக வைத்துக்கொண்டு எரியும் கரித்துண்டை வாயில் போட்டுக் காட்டியதாக அவரிடமே சொல்லியிருக்கிறார். இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம். ஆனால் வேர் என்ன செய்யும் என்பதை அந்த மக்கள் எவ்வளவு துல்லியமாகக் கவனித்திருந்தார்கள் என்பதற்கு இந்த வித்தைகள் சாட்சி.

மற்ற பூர்வகுடி மக்களின் வழக்கமும் பதிவாகியிருக்கிறது. ஷயான் மக்கள் வாய்ப்புண்ணுக்கும் ஈறு வலிக்கும் இலையையும் வேரையும் காய்ச்சிய தண்ணீரைப் பயன்படுத்தினார்கள். பல நாள் நீரின்றி ஆடும் சூரிய நடனம் என்ற சடங்கில், எச்சில் ஊறித் தாகம் தெரியாமலிருக்க வேரை மென்றார்கள். கியோவா மக்கள் இருமலுக்கும் தொண்டை வலிக்கும் வேரை மென்று சாற்றை விழுங்கினார்கள். குரோ மக்கள் சளிக்கும் இதை மென்றதாகக் குறிப்பு உண்டு. ஆக, சளி மருந்து என்ற பேச்சு முழுக்க அந்நியமானது இல்லை. ஆனால் அந்தக் குறிப்புகளையும் ஊன்றிப் படித்தால், அவர்கள் செய்தது பச்சையாகவோ உலர்ந்தோ இருந்த வேரை வாயில் அடக்கி மெல்வது. தொண்டையில் பட்ட இடம் மரத்தது, வலி குறைந்தது. விழுங்கிய மாத்திரை உடம்புக்குள் போய் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்பது முற்றிலும் வேறு கூற்று.

மருந்தாக மட்டும் இது அவர்கள் வாழ்க்கையில் இருக்கவில்லை. காய்ந்த பூந்தலை முள்முள்ளாக இருப்பதால் ஓமாஹா, போன்கா, கியோவா மக்களுக்கு அது சீப்பு. பாவ்னி குழந்தைகள் இரண்டு தண்டுகளை எடுத்து ஒன்றைச் சுற்றி இன்னொன்றைச் சுழற்றி விளையாடினார்கள். பாட்டி பல்வலிக்குக் கொடுத்த அதே செடியைக் கையில் சுழற்றியபடி வளர்ந்த குழந்தைகளுக்கு, அதன் இடமும் பருவமும் யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்திருக்கும்.

இனி விற்பனைக்கு வருவோம். நெப்ராஸ்காவில் பாவ்னி சிட்டி என்று ஒரு சிற்றூர். எந்த மக்களின் பெயரை அது தாங்கி நிற்கிறதோ, அந்த பாவ்னி மக்கள் 1870களின் நடுவிலேயே நெப்ராஸ்காவை விட்டு இன்றைய ஒக்லஹோமாவுக்குப் பெயர்க்கப்பட்டுவிட்டார்கள். அந்த ஊரில் எச்.சி.எஃப். மேயர் என்ற ஜெர்மானியர், மருத்துவப் பட்டம் இல்லாத வைத்தியர், இந்த வேரிலிருந்து ஒரு மருந்து செய்து ‘மேயரின் ரத்த சுத்திகரிப்பான்’ என்று விற்றுக்கொண்டிருந்தார். கிலுகிலுப்பைப் பாம்புக் கடியிலிருந்து காய்ச்சல், புண் வரை எல்லாவற்றுக்கும் அது கேட்கும் என்பது அவர் வாதம். 1880களின் நடுவில் சின்சினாட்டி நகரில் இருந்த ஜான் கிங் என்ற மருத்துவருக்கும், ஜான் யூரி லாய்டு என்ற மருந்தாளுநருக்கும் வேரை அனுப்பினார். சந்தேகம் இருந்தால் உங்கள் முன்னாலேயே பாம்பைக் கடிக்க விட்டு, இந்த மருந்தால் பிழைத்துக் காட்டுகிறேன் என்றும் எழுதினார். அவர்கள் அதற்குச் சம்மதிக்கவில்லை, நல்லவேளை. பாம்புக்கடிக்கு இது வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் இன்றுவரை கிடையாது. பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரியும் விஷமுறிவு ஊசியும்தான் வழி.

ஆனாலும் கிங் ஆர்வம் கொண்டார். 1887ல் மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார். மூலிகைகளை அதிகம் நம்பிய எக்லெக்டிக் என்ற மருத்துவப் பிரிவினர் இதை எடுத்துக்கொண்டார்கள். லாய்டு சகோதரர்களின் நிறுவனம் சாறு இறக்கி விற்றது. பின்னாளில் அவர்களுடைய முன்னணிச் சரக்கே இதுதான். அமெரிக்க ஹோமியோபதியரும் இதைத் தங்கள் மருந்துப் பட்டியலில் சேர்த்தார்கள். மேயர் போட்ட ‘ரத்த சுத்தி’ முத்திரை அப்படியே கடல் கடந்து நம் ஊர்க் கடை வரை வந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு ஆண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1883ல் அமெரிக்க அரசு ‘இந்தியர் குற்றங்கள்’ என்று ஒரு விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது (இந்தியர் என்று அவர்கள் சொன்னது பூர்வகுடிகளை). அதன்படி சூரிய நடனம் குற்றம். பூர்வகுடி வைத்தியர்கள் தங்கள் வைத்திய முறையைக் கையாள்வதும் குற்றம். உணவுப் பங்கீட்டை நிறுத்துவதும் சிறையும் தண்டனை. அதாவது, அந்த வேரைப் பாட்டன் வழியில் கொடுத்த வைத்தியருக்குச் சிறை காத்திருந்த அதே பத்தாண்டில், அதே வேர் சின்சினாட்டியில் புட்டியில் அடைபட்டு லாபம் கொடுக்கத் தொடங்கியது. பூர்வகுடிகளின் சமயச் சடங்குகளுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் வர 1978 ஆயிற்று. எக்கினேசியாவின் ‘பாரம்பரியப் பயன்’ என்று இன்று லேபிளில் அச்சிடுகிறவர்கள், அந்தப் பாரம்பரியத்தைச் சட்டம் போட்டு நசுக்கினார்கள் என்பதையும் சேர்த்து அச்சிடுவதில்லை. எனக்கு இந்தக் கதையில் ஆறாத இடம் இதுதான்.

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1909ல் எக்கினேசியாவுக்கு ஆதாரம் போதாது என்று ஒதுக்கிவிட்டது. எக்லெக்டிக் பிரிவும் மெல்ல மறைந்தது. எக்கினேசியாவின் கதை ஜெர்மனிக்கு நகர்ந்தது. 1930களில் கெர்ஹார்ட் மடவுஸ் என்பவர் அங்குஸ்டிஃபோலியா விதை வாங்க அமெரிக்கா வந்தார். அவர் கொண்டுபோன விதை முளைத்தபோது அது பர்பூரியாவாக இருந்தது. அவரும் விட்டுவிடாமல், பூத்திருக்கும் பர்பூரியாச் செடியைப் பிழிந்த சாற்றில் மருந்து செய்தார். பிந்தைய ஜெர்மன் ஆய்வுகளில் பெரும்பகுதி அந்தச் சாற்றின் மேல் நடந்ததுதான். இப்படியாக இனம் மாறியது, வேருக்குப் பதில் மேல்செடி வந்தது, மெல்வது போய்ச் சொட்டு மருந்தும் ஊசியும் வந்தன, பல்வலி போய்ச் சளி வந்தது. பெயரும் ‘பூர்வகுடி மூலிகை’ என்ற மதிப்பும் மட்டும் மாறவில்லை. ஜெர்மன் அரசின் மூலிகைக் குழு 1989ல் பர்பூரியாவின் மேல்செடியைச் சளித் தொந்தரவுக்குத் துணை மருந்தாக ஏற்றது. பூர்வகுடிகள் பயன்படுத்திய அங்குஸ்டிஃபோலியா வேருக்கு ஆதாரம் போதாது என்று அதே குழு அங்கீகாரம் தரவில்லை.

கலப்படக் குழப்பம் வேறு. பர்பூரியா வேர் என்ற பெயரில் சந்தைக்கு வந்ததில் ஒரு பகுதி பார்த்தீனியம் இன்டெக்ரிஃபோலியம் என்ற வேறு செடியின் வேர் என்று 1980களில் ஜெர்மன் வேதியியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் வெளியான சில ஆய்வு முடிவுகளே இதனால் சந்தேகத்துக்கு உள்ளாயின. பெயரைக் கேட்டதும் நமக்குத் தூக்கிவாரிப்போடும். நம் சாலையோரங்களைப் பிடித்து ஆட்டும் பார்த்தீனியத்தின் நெருங்கிய உறவுதான் அது, அதே பேரினம். எக்கினேசியாவும் அதே பெரிய குடும்பம் என்பதால், பார்த்தீனியமோ சாமந்தியோ பட்டால் அரிப்பு வருகிறவர்கள் எக்கினேசியா மருந்தில் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

சரி, சளிக்குக் கேட்குமா? 2005ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் சுமார் 400 பேருக்குச் சளி வைரஸைக் கொடுத்து, அங்குஸ்டிஃபோலியா வேரின் மூன்று வகைச் சாறுகளைச் சோதித்தார்கள். வெற்று மருந்து சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் பொருட்படுத்தக்கூடிய வித்தியாசம் தெரியவில்லை. 2014ல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 24 சோதனைகளை, 4,600க்கு மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்தது. வந்த சளியைக் குணப்படுத்துவதில் பலன் நிரூபணமாகவில்லை, வராமல் தடுப்பதில் சின்னதாக ஏதோ இருக்கலாம் என்பதே அதன் முடிவு. ஒவ்வொரு கம்பெனியும் வெவ்வேறு இனம், வெவ்வேறு பாகம், வெவ்வேறு முறையில் தயாரிப்பதால் ஒட்டுமொத்தமாக ‘எக்கினேசியா’ என்று பேசுவதே சிரமம் என்றும் அந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். இதைப் படித்துவிட்டுப் பூர்வகுடி மருத்துவம் தோற்றுவிட்டது என்று எழுதுகிறவர்கள் உண்டு. இந்தச் சோதனைகள் எடைபோட்டது சந்தை சொன்ன கூற்றை. வேர்த்துண்டைப் பல்லில் வைத்தால் வலி குறையுமா என்பது அவற்றில் கேட்கப்படாத கேள்வி.

மருந்து கேட்டதோ இல்லையோ, சந்தை வேரைக் கேட்டது. 1994ல் அமெரிக்காவில் சத்துணவு மாத்திரைகளுக்கான சட்டம் தளர்ந்ததும் எக்கினேசியா விற்பனை உச்சத்துக்குப் போயிற்று. பர்பூரியாவைப் பயிர் செய்வது எளிது. அங்குஸ்டிஃபோலியா அப்படி இல்லை. விதை ஒரு குளிர்காலத்தைக் கடந்தால்தான் ஒழுங்காக முளைக்கும். வேர் தேற மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அதனால் ஆட்கள் கடப்பாரையோடு புல்வெளிக்கே போனார்கள். மொன்டானாவில், பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய நிலமான ஃபோர்ட் பெக் ஒதுக்கீட்டுப் பகுதியில் வேலையில்லாத குடும்பங்களுக்கு வேர் தோண்டுவது ஒரு வருமானமானது. மற்ற இடங்களில் தனியார் நிலத்திலும் பொது நிலத்திலும் திருட்டுத்தனமாகத் தோண்டல் நடந்தது. 1999ல் மொன்டானாவும் வடக்கு டகோட்டாவும் இதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தன.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் கெல்லி கிண்ட்ஷர் பல ஆண்டுகள் இந்தத் தோண்டலைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர். தோண்டி எடுத்த செடிகளில் ஏறக்குறைய பாதி, மண்ணுக்குள் அறுந்து நின்ற ஆழ வேரிலிருந்து திரும்பத் துளிர்க்கின்றன என்று அவரும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். வறண்ட புல்வெளியின் செடிக்கு அந்த ஆழமான வேர் ஒரு காப்பீடு. கான்சாஸில் சில வட்டாரங்களில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வேர் தோண்டியும் செடி அழிந்துவிடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆழ வேரை விட்டுவைத்து, எடுத்த இடத்துக்கு இடைவெளி கொடுத்து, விதை விழுந்த பிறகு தோண்டினால் செடி தாங்கும்.

தாங்கவே முடியாதது ஏர். வட அமெரிக்காவின் உயர்புல் பிரெய்ரி ஒரு காலத்தில் சுமார் 17 கோடி ஏக்கர் இருந்தது. இன்று மிச்சம் 4 சதவீதத்துக்கும் குறைவு. மீதியில் பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாவும். மேற்கு மினசோட்டாவில் உழாமல் தப்பிய சாலையோரங்களிலும் இடுகாட்டு ஓரங்களிலும் துண்டு துண்டாக அங்குஸ்டிஃபோலியா நிற்கிறது. அங்கே 1990களின் நடுவிலிருந்து ஸ்டூவர்ட் வாகெனியஸ் தலைமையில் ஒரு குழு ஒவ்வொரு செடியாகக் குறித்துவைத்துக் கவனித்து வருகிறது. இந்தச் செடி தன் மகரந்தத்தாலேயே கருவுறாது. நெருங்கிய சொந்தமும் பெரும்பாலும் ஒத்துவராது. துண்டு நிலத்தில் நிற்கும் பத்துப் பதினைந்து செடிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தமாக இருந்தால், தேனீ எத்தனை தடவை வந்து போனாலும் விதை கட்டாது. முன்னே சொன்ன சூல்தண்டு இங்கேதான் உதவுகிறது. சின்னத் துண்டுகளில் அவை சுருங்காமல் நாள்கணக்கில் நீட்டிக்கொண்டு நின்றன.

இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்த தரவை அந்தக் குழு 2020ல் வெளியிட்டது. இந்தச் செடி எல்லா ஆண்டும் பூப்பதில்லை. ஆனால் புல்வெளியைத் தீயிட்டு எரித்த ஆண்டின் கோடையில் நிறையச் செடிகள் ஒன்றாகப் பூக்கின்றன. அதுவும் ஒரே நாட்களில். பூத்த செடிகள் கூடினால் ஒத்துப்போகும் துணை கிடைக்கும் வாய்ப்பும் கூடுகிறது, விதையும் கூடுகிறது. மின்னலோடு சேர்ந்து, வேட்டைக்காகவும் மேய்ச்சலுக்காகவும் பூர்வகுடிகள் வைத்த தீதான் அந்தப் புல்வெளியைப் பல நூற்றாண்டுகள் புல்வெளியாகவே வைத்திருந்தது. அவர்களை அப்புறப்படுத்தியபோது அந்தத் தீயும் நின்றுபோனது. இப்போது பாதுகாப்பாளர்கள் திட்டமிட்டுத் தீ வைக்கிறார்கள்.

இந்தப் பேரினத்தில் ஒன்றைக் காப்பாற்றிய முன்னுதாரணமும் இருக்கிறது. டென்னசி மாநிலத்தின் சுண்ணாம்புப் பாறை வெளிகளில் மட்டும் வளரும் எக்கினேசியா டென்னசியென்சிஸ் அழிந்துவிட்டதாகவே நினைத்திருந்தார்கள். 1960களில் திரும்பக் கண்டுபிடித்து, 1979ல் அருகிவரும் இனங்களின் பட்டியலில் சேர்த்து, அது நிற்கும் நிலங்களை வாங்கிப் பாதுகாத்தார்கள். 2011ல் அபாயம் நீங்கிவிட்டதென்று பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அங்குஸ்டிஃபோலியாவோ பரந்த நிலப்பரப்பில் இருப்பதால் அந்தக் கூட்டாட்சிப் பட்டியலில் இல்லை. அதைத் தோண்டுவதும் எரித்து வளர்ப்பதும் உழுது அழிப்பதும் அந்தந்த மாநிலச் சட்டத்தையும், நிலத்துக்குச் சொந்தக்காரர்களையும், வேரை இன்னும் பல்வலிக்கு எடுத்துவைக்கும் லகோட்டா போன்ற பூர்வகுடிகளின் ஒதுக்கீட்டு நிர்வாகங்களையும் பொறுத்தே இருக்கிறது.